வளைவில் மட்டும் சிமிட்டும் ஆயில் விளக்கு: பம்ப் போய்விட்டதா?

ஜனவரி 6, மாலை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரம் ஒருமுறை இறங்கி ஏறுகிறேன். 33 கிலோமீட்டர் மலைப்பாதை. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், வயது பதினொன்று, 1,18,000 ஓடியிருக்கிறது. இன்று மதியம் குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது, வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. நேர் ரோட்டில் எரியவில்லை. போன வாரமும் ஒருமுறை எரிந்த மாதிரி இருந்தது. வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டேன்.

அரவேணுவில் நிறுத்தி, கீழே வழக்கமாக விடும் பட்டறைக்கு போன் போட்டேன். எஞ்சினுக்குள் எண்ணெயைச் சுற்ற விடும் ஆயில் பம்ப் போச்சு, 14,000 ஆகும், கொண்டு வந்து விடுங்கள் என்றார்கள். வண்டியைப் பார்க்காமலேயே.

என் கணிப்பு: இந்த மார்கழிக் குளிர்தான் காரணம். காலையில் எழுந்தால் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. நான் ஊற்றுவது 20டபிள்யூ-40 என்ற கெட்டி ரக எண்ணெய். கெட்டியாக உறைந்த எண்ணெயை இழுத்து இழுத்தே பம்ப் தேய்ந்திருக்கிறது. மலையில் வண்டி வைத்திருக்கும் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? பம்ப் மாற்றினால் தீருமா?

ஜனவரி 6, இரவு

மேலே எழுதியதைப் படித்த எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: விளக்கு எரிந்ததும் எஞ்சினை அணைத்தீர்களா? இல்லை. அரவேணு வரை ஓட்டினேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெட்ரோல் விளக்கு எரிந்தால் பங்க் வரை போகலாம். சிவப்பு ஆயில் விளக்கு அந்த ரகம் இல்லை. எண்ணெய் அழுத்தம் கிட்டத்தட்ட 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே விழுந்தால்தான் அது எரியும். அதாவது பேரிங்குக்கு எண்ணெய் போவது ஏறக்குறைய நின்றுபோன நிலை. சில வண்டிகளில் மஞ்சளாக ஒன்று எரியும், அது எண்ணெய் அளவு குறைந்ததைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக நினைத்து சிவப்போடு ஓட்டி, எஞ்சினின் சுழலும் நடுத்தண்டான கிராங்க் வரை தேய்த்துக்கொண்டவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

என் வண்டியில் நேர் ரோட்டில் விளக்கு எரியவில்லை. அப்படியானால் நேர் ரோட்டில் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது.

ஜனவரி 8

கட்டபெட்டில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவரிடம் போய், இந்தப் பம்ப் எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கழித்துப் போட்ட பம்ப் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

உள்ளே இரண்டே உருப்படி. வெளியே ஒரு வளையம், அதற்குள் பூ இதழ் மாதிரி வெட்டிய ஒரு சக்கரம். வளையத்தின் உட்புறமும் இதழ் வெட்டுதான், ஆனால் ஒன்று கூடுதல். உள்ளே நான்கு என்றால் வெளியே ஐந்து. பெரிய வளையலுக்குள் சின்ன வளையலை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்த மாதிரி, இரண்டுக்கும் நடுமையம் வேறு வேறு. விரலால் உள்சக்கரத்தைச் சுற்றினேன். வளையமும் கூடவே சுற்றியது. ஒரு பக்கம் இதழ்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மெல்ல விரிகிறது. அரைச் சுற்று போனதும் அதே இடைவெளி சுருங்கி மூடிக்கொள்கிறது. விரிகிற பக்கம் எண்ணெயை உறிஞ்சும் வாசல், சுருங்குகிற பக்கம் தள்ளும் வாசல். பழைய எண்ணெய் கொஞ்சம் உள்ளே இருந்திருக்கிறது. நான் சுற்றச் சுற்ற என் கட்டைவிரல் பக்கம் கருப்பாக ஒரு சொட்டு எழும்பி நின்றது. இரண்டு நாளாகப் படித்தும் புரியாதது அந்த ஒரு சொட்டில் புரிந்தது.

பல்சக்கரம் இரண்டு வைத்த பம்பும் உண்டு. அதைக் கரும்பு மிஷின் மாதிரி நினைத்திருந்தேன், இரண்டு சக்கரத்துக்கு நடுவே எண்ணெய் போகிறது என்று. அப்படி இல்லை. பல்லுக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே இருக்கும் பள்ளங்களில் எண்ணெய் ஏறி, சுற்றுவட்டமாகப் போய் மறுபக்கம் இறங்குகிறது. நடுவில் பற்கள் கடித்துக்கொள்வது எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கத்தான்.

என் வண்டியில் பம்ப் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வேறு சில எஞ்சினில் சங்கிலி ஓட்டும், பழைய எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாப்டிலிருந்து ஓட்டுவார்கள். எப்படி இருந்தாலும் எஞ்சின் சுற்றினால் பம்ப் சுற்றும். வேகமாகச் சுற்றினால் அதிகம் தள்ளும், ஆக்சிலேட்டர் மிதிக்காத சும்மா ஓட்டத்தில் குறைவாகத் தள்ளும்.

எண்ணெய் போகும் பாதையையும் எழுதிவிடுகிறேன், பின்னால் உதவும். அடியில் சம்ப், அதாவது எண்ணெய்த் தொட்டி. அதில் முங்கியபடி ஒரு குழாய், அதன் வாயில் கம்பி வலை போட்ட ஸ்ட்ரெய்னர். அங்கிருந்து பம்ப். பம்பிலிருந்து பில்டர். பில்டரிலிருந்து எஞ்சின் உடம்புக்குள் ஓடும் பெரிய துவாரம், அதிலிருந்து மெயின் பேரிங்குகள். கிராங்க்குக்குள் துளைத்த வழியாக கனெக்டிங் ராடு பேரிங், இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு, கேம் ஷாப்டுக்கு. அங்கிருந்து தானாக வழிந்து மறுபடி சம்ப். மூன்று சொச்சம் லிட்டர் எண்ணெய்தான், அதுவே ஒரு நிமிடத்தில் பல முறை சுற்றி வந்துவிடும்.

இதில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பில்டர் பம்புக்கு அப்புறம்தான் வருகிறது. பேரிங்குக்குப் போவது வடிகட்டிய எண்ணெய், பம்ப் குடிப்பதோ வடிகட்டாதது. அதற்கு முன்னால் இருப்பது அந்தக் கம்பி வலை மட்டும்தான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "தம்பி, பம்பு பிரஷர் போடாது. அது எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான். பிரஷரைப் போடுறது பேரிங்கு." காய்த் தோட்டத்தில் ஓஸ் பிடித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். வாயைத் திறந்து விட்டால் தண்ணீர் சும்மா கொட்டும், விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சும். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியை விட மெல்லியது. அந்த விரல் அடைப்புதான் அழுத்தம். பேரிங் தேய்ந்தால் விரல் விலகியது மாதிரி, பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் காசுதான் போகும்.

ஜனவரி 8, சற்று நேரம் கழித்து

ரிலீப் வால்வை எழுத மறந்துவிட்டேன். பம்பிலேயோ பக்கத்திலேயோ ஸ்பிரிங்கும் சின்ன உருளையும் வைத்த வழி ஒன்று இருக்கும். அழுத்தம் அளவு மீறினால் ஸ்பிரிங் அமுங்கி, உபரி எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும். அதில் தூசு சிக்கித் திறந்தபடியே நின்றால் எப்போதும் அழுத்தம் குறைவாக இருக்கும். மூடியபடி சிக்கினால் குளிர்ந்த எஞ்சினில் பில்டர் டப்பாவே உப்பிவிடும்.

ஜனவரி 9

முதல் பதிவில் குளிர்தான் காரணம் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

குன்னூர்க்காரர் ஒருவர் அந்த 20டபிள்யூ என்ற எண்ணுக்கே அர்த்தம் என்ன என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எஸ்.ஏ.இ. தர அளவின்படி 20டபிள்யூ எண்ணெய் மைனஸ் 20 டிகிரியிலும் பம்ப் இழுக்கக்கூடிய பதத்தில் இருக்க வேண்டும். 5டபிள்யூ என்றால் மைனஸ் 35. இங்கே உறைபனி விழும் இரவில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், தலைக்குந்தா பக்கம் கொஞ்சம் கீழே போகும். மைனஸ் 20 எங்கே, நாம் எங்கே. நம் குளிரில் பம்ப் எண்ணெயை இழுக்கவே முடியாத நிலை வராது.

ஆனால் மேலே போய்ச் சேரச் சில நொடி கூடுதலாகும். அந்த நொடிகளில் கேம் ஷாப்ட் காய்ந்து ஓடும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடக் கூடாது என்பது அப்படியே நிற்கிறது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடாக்கவும் வேண்டாம். அரை நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிக் கிளம்பினால் போதும்.

ஜனவரி 12

விஷயம் வேறு எங்கேயோ போகிறது.

எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாராவாரம் கம்பியை எடுத்துப் பார்ப்பவன் நான். இன்று பெட்ரோல் போட நின்றபோது, பங்க் தளம் சமமாக இருக்கிறதே என்று, பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே கம்பியை எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே. நுனியில் மட்டும் ஈரம்.

வீட்டில் பார்த்தால் மேல்கோடு, இங்கே அடியில். காரணம் என் வீட்டு முற்றம். மலையில் சமதளம் ஏது? வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துகிறேன். என் எஞ்சினில் அளவுக் கம்பி இருப்பது முன்பக்கம். சரிவில் எண்ணெய் முன்னால் சேர்ந்துவிடும், கம்பி நிறைய காட்டும். இத்தனை மாதமாக அந்தச் சரிவை அளந்துவிட்டு, எண்ணெயை அளந்ததாக நினைத்திருக்கிறேன். மூக்கை மேலே வைத்து நிறுத்துகிறவர்களுக்கு இதுவே தலைகீழாகும், இல்லாத குறையைக் காட்டி அதிகம் ஊற்ற வைக்கும்.

முக்கால் லிட்டர் பிடித்தது. இப்போது அந்த வளைவுக் கணக்கு புரிகிறது. குஞ்சப்பனை ஏற்றத்தில் மூக்கு மேலே போகும்போது இருக்கிற கொஞ்ச எண்ணெயும் சம்பின் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. குழாய் வாய் வெளியே தெரிந்து பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது. காற்றில் அழுத்தம் நிற்காது.

நீலகிரியில் வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டு வாசலில் அளக்காதீர்கள். பங்க், பஸ் ஸ்டாண்ட் ஓரம், கோயில் மைதானம், எங்காவது சமதளத்தில் அளந்து பாருங்கள்.

ஜனவரி 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் மேல்கோட்டுக்கு மேலே அரை லிட்டர் எக்ஸ்ட்ரா ஊற்றிவிட்டேன், மலைக்கு நல்லதுதானே என்று எழுதியிருக்கிறார். வேண்டாம், வடித்துவிடுங்கள். அளவு கூடினால் சுற்றும் கிராங்க் எண்ணெயில் அடித்து நுரையாக்கும். நுரை என்பது பாதி காற்று. பம்புக்குக் குறைவான எண்ணெய் எப்படியோ அப்படித்தான் இதுவும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பல கார்களில் ஒரு லிட்டர் அளவுதான் வித்தியாசம். மலையில் ஓட்டுகிறவர்கள் மேல்கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

முக்கால் லிட்டர் எங்கே போனது என்பது தனிக் கதை. புகை இல்லை, தரையில் சொட்டும் இல்லை. எஞ்சின் தலைமேல் இருக்கும் டேப்பட் மூடியோரம் லேசான கசிவு உண்டு. பதினொரு வயது எஞ்சின், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும்.

ஜனவரி 19

பொங்கலுக்கு அப்புறம் இன்றுதான் மண்டிக்குப் போனேன். அளவு சரியாக வைத்துமே ஏறும்போது ஒரு தரம் சிமிட்டியது. முன்பு அடுத்தடுத்த வளைவில், இப்போது ஒரு தடவை. குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை. இந்தத் தடவை அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மெதுவாக நேரே கட்டபெட்டு.

அண்ணன் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாதது. "வளைவுல எரியுதுன்னு சொல்றீங்களே, வளைவுக்காக எரியுதா, நீங்க கால எடுக்கறதால எரியுதா?" வளைவில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. வண்டி சாய்கிறது, எஞ்சின் சுற்றும் குறைகிறது. ஏறி வந்து கொதித்த எண்ணெய் தண்ணீராக இளகியிருக்கும், பம்பும் மெதுவாகச் சுற்றும். பிரித்துப் பார்க்க வழி சுலபம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் சமதளத்தில் சும்மா ஓடவிட வேண்டும்.

விளக்குக்குச் சமிக்ஞை கொடுக்கும் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் முள் மீட்டர் மாட்டினார். சூடான எஞ்சின், சும்மா ஓட்டம்: 0.5 பார். விளக்கு எரியும் விளிம்பு. ஆக 6-ம் தேதி நான் எழுதியது, நேர் ரோட்டில் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது என்றது, முழுத் தவறு. விளக்கு அணைந்திருந்தால் அழுத்தம் 0.5-க்கு மேலே என்று மட்டும்தான் அர்த்தம். 0.6-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம். விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் எஞ்சினை நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிடித்து வைத்தார். ஆயிரம் சுற்றுக்கு 0.7 பார் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு, அதன்படி 2.1 வர வேண்டும். முள் 2.2-க்கு ஏறியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் காலை எடுக்கவில்லை. அரை நிமிடத்தில் முள் நடுங்க ஆரம்பித்து, 2-க்கு இறங்கி, 1.6-க்கு வந்தது. சுற்று அப்படியே இருக்கிறது, அழுத்தம் மட்டும் வழிகிறது.

"பம்பு தேஞ்சிருந்தாலும் பேரிங்கு தேஞ்சிருந்தாலும் சுத்து ஏத்தினா ஏறி நிக்கும், இறங்காது. இது குடிக்கக் கிடைக்காம தவிக்குது" என்றார். சம்ப்பைக் கழற்ற வேண்டும்.

ஜனவரி 20

கீழ்ப் பட்டறையில் சொன்ன 14,000 ஏன் என்றும் அண்ணனிடம் கேட்டேன். பம்ப் விலை அதில் பாதி கூட இல்லை. கிராங்க் முனையில் இருப்பதால் புல்லி, முன் மூடி, டைமிங் செயின் பக்கம் எல்லாம் பிரித்தாக வேண்டும், கூலிதான் பெரிது. சம்ப் கழற்றுவது அதில் ஒரு பங்கு வேலை. அப்படியிருக்க அதை முதலில் பார்க்காமல் பம்ப் என்று சொன்னது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 26

லீவு நாள். காலை எட்டு மணிக்கு சம்ப் இறங்கியது. நானும் கூடப் படுத்தேன்.

எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் எண்ணெயை வடித்து, ஓரத்து போல்ட்டுகளைக் கழற்றினார். சம்ப் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தகட்டுக் கத்தியை மெல்லச் செருகி ஓரம் ஓரமாக நகர்த்தித்தான் எடுத்தார். உள்ளே பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது எண்ணெய் இல்லை, சிலிகான் பேஸ்ட். சம்ப் ஓரமெல்லாம் உட்பக்கமாகப் பிதுங்கி, சேமியா மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. இரண்டு வருடம் முன்பு கசிவு என்று ஒரு பட்டறையில் சம்ப் கழற்றி ஒட்டியிருந்தார்கள். ஒட்டுவதற்கு மெல்லிய ஒரு கோடு போதும். இவர்கள் ட்யூபையே பிழிந்திருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள், உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பது?

ஸ்ட்ரெய்னரை டார்ச் அடித்துக் காட்டினார். ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வலை. முக்கால் பாகம் தெரியவில்லை. அறுந்து விழுந்த சிலிகான் துணுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அவற்றின் மேல் கருப்பாக வண்டல் பூசியிருந்தது. விரல் நகத்தால் ஒரு துணுக்கைப் பிடித்து இழுத்தேன், ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு வந்தது. அடியில் வலை பளபளவென்று புதுசாக இருந்தது. சுற்று ஏறும்போது உறிஞ்சும் வேகத்தில் இவையெல்லாம் வலையில் அப்பிக்கொள்ளும். எஞ்சினை அணைத்தால் கொஞ்சம் உதிர்ந்து விழும். கால் மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும் மாயம் இதுதான்.

இன்னொன்று. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். மெத்தென்று இருக்க வேண்டியது பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்திருந்தது. வளைத்ததும் இரண்டாக ஒடிந்தது. அது வழியாகவும் காற்று இழுத்திருக்கும் என்றார். அதன் விலை நூறு ரூபாய் கூட இல்லை.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். புது ஓ-ரிங். சம்ப் ஓரத்தைச் சுரண்டி, மெல்லிய ஒரே கோடாகப் பேஸ்ட், அது இறுகும்வரை காத்திருந்து எண்ணெய். பில்டரும் புதிது. எண்ணெய் நிரப்பி, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தொட்டுத் தடவிக் கையாலேயே இறுக்கினார்.

பம்பைத் தொடவே இல்லை.

ஜனவரி 26, இரவு

மீட்டர் கணக்கை எழுத விட்டுவிட்டேன். சூடான எஞ்சின், சும்மா ஓட்டம் 1.2 பார். 3000 சுற்றில் 3.3, இரண்டு நிமிடம் பிடித்தும் முள் அசையவில்லை.

ஜனவரி 28

முதல் தடவை ஸ்டார்ட் செய்வது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். குழாயைக் கழற்றியதால் பாதை முழுக்கக் காற்று. உடனே ஸ்டார்ட் செய்தால் பேரிங் காய்ந்து ஓடும். எஞ்சின் பற்றாமல் இருக்க அண்ணன் பெட்ரோல் பம்ப் ப்யூசைப் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் ஐந்தாறு நொடி வீதம் விட்டு விட்டுச் சுழற்றினார். நாலாவது தடவை ஆயில் விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் ப்யூஸ்.

புதுப் பம்ப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காய்ந்த பம்ப் எண்ணெயை உறிஞ்சாது, இதழுக்கு நடுவே ஈரம் இருந்தால்தான் அடைப்பு விழும். மாட்டும் முன் எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும், அல்லது உள்ளே வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) அடைக்க வேண்டும். வாஸ்லின் சூட்டில் உருகி எண்ணெயோடு கலந்துவிடும். சேசிஸ் கிரீஸ் அடைக்காதீர்கள், கரையாமல் போய்ச் சின்னத் துவாரங்களில் உட்கார்ந்துகொள்ளும்.

வடித்த பழைய எண்ணெயை வேலிக் கம்புக்குத் தடவலாமே என்று ஒருவர் கேட்டார். எங்கள் பக்கம் அந்த வழக்கம் உண்டு, எங்கள் அப்பாவும் செய்திருக்கிறார். தயவு செய்து விட்டுவிடுங்கள். சரிவில் ஊற்றியது சரிவில் நிற்காது, அடுத்த மழைக்கு ஓடைக்குப் போகும். லாங்வுட் சோலையிலிருந்து வரும் தண்ணீரைக் கோத்தகிரியைச் சுற்றி எத்தனை ஊர் குடிக்கிறது. கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுப்பவரிடம் பட்டறை மூலமாகவே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 3

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கும் மசினகுடிக்காரர் கேட்டது நல்ல கேள்வி. 36 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இறங்கும்போது எஞ்சின் கத்துகிறது, பெட்ரோல் எரியாதபோது எண்ணெய் மட்டும் எப்படிப் போகும், பேரிங் தேயாதா என்கிறார்.

தேயாது. பம்பைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, கிராங்க். சக்கரம் கிராங்க்கைச் சுற்றினாலும் பம்ப் அதே அளவு எண்ணெயைத் தள்ளும். 3000 சுற்றில் இறங்கினால் 3000 சுற்றுக்கான எண்ணெய் கிடைக்கும். பயப்படாமல் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில், அதுவும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதுதான் உயிருக்கு ஆபத்து. பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லாறிலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்து, டீக்கடையில் நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நின்றது. எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ விசிறி உடனே நிற்காது, அதில் தேங்கிய எண்ணெய் சூட்டில் கரியாகும். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும்.

பிப்ரவரி 16

சிலிகான் துணுக்கு சரி, அதன் மேலிருந்த கருப்பு வண்டல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். குளிர் காரணமில்லை என்று 9-ம் தேதி அடித்துச் சொன்னேன். அதையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

மண்டி நாள் தவிர என் வண்டி ஓடுவது வீட்டிலிருந்து கடைவீதி, பள்ளிக்கூடம், திரும்ப வீடு. ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர். இந்தக் குளிரில் அவ்வளவு தூரத்தில் எண்ணெய் சூடேறுவதில்லை. எரியும் பெட்ரோலில் பிறக்கும் நீராவி எஞ்சினுக்குள் குளிர்ந்து தண்ணீராகி எண்ணெயோடு சேரும், கொஞ்சம் பெட்ரோலும் சேரும். சூடேறினால் ஆவியாகிப் போய்விடும், சூடேறாவிட்டால் அங்கேயே தங்கி வண்டலாகும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். மார்கழி, தை மாதத்தில் எங்கள் ஊர் வண்டி பலவற்றில் உட்புறம் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும். அது அந்தத் தண்ணீர்தான். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) குறையாமல் இருந்தால், அதை எண்ணெயோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், ஒரு நீண்ட ஓட்டம் போதும். கூலன்டும் குறைந்தால் உடனே காட்டுங்கள்.

ஆக குளிர் பம்பைத் தேய்க்கவில்லை. ஆனால் பம்ப் குடிக்கும் எண்ணெயைக் கெடுத்திருக்கிறது.

நான் வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், பத்தாயிரத்துக்கு மாற்றினால் போதும் என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் அதே எண்ணெயில் ஓட்டியிருக்கிறேன். குறைவாக ஓடும் மலை வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பில்டரோடு சேர்த்து. கையேட்டைப் பிரித்தேன், என் எஞ்சினுக்குச் சொல்லியிருப்பது 5டபிள்யூ-30. இத்தனை நாள் 20டபிள்யூ-40 ஊற்றியது பங்க்கில் அது கிடைத்ததால்தான்.

பிப்ரவரி 17

திடீரென்று எஞ்சின் உள்ளே கழுவும் ப்ளஷ் எண்ணெய் ஊற்றி எல்லா வண்டலையும் கரைத்துவிடலாமா என்றால், பழைய எஞ்சினில் வேண்டாம். பெயர்ந்து வருவது நேரே அந்த வலைக்குத்தான் போகும்.

மார்ச் 9

அப்பாவின் பழைய ஜீப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் விளக்கு இல்லை, முள் மீட்டர். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்பா ரோட்டை ஒரு கண்ணாலும் அந்த முள்ளை ஒரு கண்ணாலும் பார்ப்பது தெரியும். கீழ்க்கோத்தகிரி ஏற்றத்தில் முள் வழக்கத்தை விட ஒரு கோடு கீழே நின்றால் போதும், அன்று சாயங்காலமே பானட்டைத் தூக்குவார். விளக்கு வைத்த வண்டிகளில் அந்த முன்னறிவிப்பு இல்லை. கட்டபெட்டு அண்ணனிடம் சொல்லி, ஸ்விட்ச் இடத்தில் இரட்டை முனை போட்டு ஒரு மீட்டர் நிரந்தரமாக மாட்டியிருக்கிறேன். விளக்கும் வேலை செய்கிறது.

புதிய வண்டி வைத்திருக்கும் ஒரு குன்னூர்த் தங்கைக்காக இரண்டு வரி. சில புது எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டோ பம்பை ஓட்டும் பெல்ட்டோ எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. தவறான எண்ணெய் ஊற்றினாலோ மாற்றாமல் விட்டாலோ அந்தப் பெல்ட் உரிந்து, அதன் தூள் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். என் சிலிகான் கதையேதான். கையேட்டில் எழுதிய தர எண்ணை எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்கம்மா. கம்ப்யூட்டர் சொல்லும்போது குறைவாகவும் கூடுதலாகவும் தள்ளும் பம்புகளும் வந்துவிட்டன. அவற்றில் மீட்டர் அளவு ஏறி இறங்குவது இயல்பு, என் கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

மே 11

சீசன். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியெல்லாம் கோத்தகிரி வழி. அரவேணுவுக்குக் கீழே ஒரு குடும்பம் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, ஈரோட்டுக்காரர்கள். கோடநாடு போய்த் திரும்பும்போது எங்கோ கல்லில் அடி இடித்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் ரோட்டில் கருப்பு நூல் மாதிரி கோடு. டிரெயின் போல்ட் பக்கத்தில் சம்ப் பிளந்திருந்தது.

ஓட்டி வந்த அக்கா சொன்னார், சிவப்பு விளக்கு எரிந்ததும் இருந்த இடத்திலேயே சாவியைத் திருப்பிவிட்டேன் என்று. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் திட்டியிருக்கிறார்கள். அவர் கணவர், ஒரு கேன் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். கூடாது, ஊற்றுவது அப்படியே ஒழுகும், வளைவில் பின்னால் வரும் பைக்காரன் அதில் வழுக்குவான் என்றேன். ரோட்டில் கிடந்த எண்ணெய் மேல் மண் அள்ளிப் போட்டோம். காரை ஏற்றிப் போகும் தட்டு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. குழந்தைகளுக்கு மண்டியிலிருந்து கொண்டு வந்த மாம்பழம் கொடுத்தேன்.

மே 19

ஈரோட்டு அக்கா போன் செய்தார். புது சம்ப், புது எண்ணெய், பில்டர். எஞ்சினில் சத்தம் இல்லையாம். மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், பார்த்திருக்கிறார்கள். சும்மா ஓட்டத்தில் 1.4.

ஜூலை 5

ஆறு மாதக் கணக்கு. எண்ணெய் மாற்றியாயிற்று, 5டபிள்யூ-30. மூடியின் உட்புறம் சுத்தம். பங்க் தளத்தில் அளவு மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. குஞ்சப்பனை ஏறி, அதே வளைவில் காலை எடுத்தபோது முள் 1.2-ல் நின்றது.